மூன்றாவது புள்ளி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜாஸ்மி சாப்பாட்டு மேசையை ஹாலின் நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். ஐந்து நாற்காலிகள், ஐந்து பென்சில்கள், ஒரு ரப்பர், இருபது முகமுள்ள ஒரு நீலப் பகடை. பரீட்சை ஹாலைத் தயார் செய்கிற கை அது. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருடமாக அவள் கணக்கு டீச்சர்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ரத்தினம், வரப்போகிற ஆளுக்கு முன்னால் தம்பியிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்காதே என்றாள். எனக்குக் கோபமே இல்லை என்று ஜாஸ்மி சொன்னாள். அது பொய்யும் இல்லை. புதன்கிழமை வந்த கோபம் சனிக்கிழமைக்குள் அடங்கி, என்ன செய்யவேண்டும் என்ற முடிவாகியிருந்தது.

புதன்கிழமை கூரியரில் ஒரு புத்தகம் வந்திருந்தது. 'கணவாய்' என்ற விளையாட்டின் விதிப் புத்தகம், அச்சுக்குப் போகுமுன் பார்வைக்கு வந்த பிரதி. அட்டையில் 'ஆக்கம்: ஜெபிஷ் தேவகுமார்' என்று இருந்தது. அதற்குக் கீழே வெறும் நீலநிறம்தான்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது தம்பி ஜெபிஷ் விடுதியில் கற்றுக்கொண்டு வந்த வகை விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள், சண்டை வந்தால் முறை வைத்துப் பகடை உருட்டுவார்கள். லீவுக்கு வந்தவன் அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தான். பிறகு இருவருமாகக் கொட்டாரத்து வீட்டில் இதே மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்து, தமிழில் தங்களுக்கென்று ஒன்றை எழுதினார்கள். கதையும் மிருகங்களும் சண்டை முறையும் ஜெபிஷினுடையவை. பாத்திரங்கள் எப்படி வளர்கின்றன என்ற கணக்கு முழுவதும் ஜாஸ்மியுடையது.

புத்தகத்தில் அவள் பேர் இல்லை. பக்கத்தைப் புரட்டினால் அவள் விதியும் இல்லை. அந்த இடத்தில் வேறொரு விதி இருந்தது.

எட்டரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஜெபிஷுடன் இறங்கிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ரீத்தா என்று பேர், தூத்துக்குடிக்காரி. பெங்களூரில் விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்தில் எதை அச்சிடலாம் என்று முடிவுசெய்கிற இடத்தில் இருப்பவள், அச்சுக்கு முன் ஒரு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். கை கழுவியதும் முதலில் பகடையைத்தான் எடுத்துப் பார்த்தாள். ஜாஸ்மிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஜெபிஷ் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. கதைசொல்லி ஜெபிஷ். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தான். அப்பா தேவகுமாருக்கு வாள்வீரன், அம்மாவுக்குப் பொறி வைப்பவள், ரீத்தாவுக்கு வைத்தியச்சி, ஜாஸ்மிக்கு வழிகாட்டி. காற்று ஓயாத ஒரு மலைக் கணவாய் வழியாக அந்த நால்வரும் மருந்து கொண்டு மறுபக்கத்து ஊருக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஜெபிஷ் கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். காற்றில் சாய்ந்த பனைகளைச் சொன்னான், பாறைக்குப் பின்னால் நகம் உரசும் சத்தத்தைச் சொன்னான். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த தேவகுமார் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

மூன்று செந்நாய்கள் பாய்ந்தன. சண்டையில் முறை இப்படி: எல்லோரும் பகடை உருட்டித் தங்கள் வேகத்தை அதோடு கூட்டவேண்டும். பெரிய எண் வந்தவர் முதலில். ஒரு முறைக்கு ஒரு நகர்வு, ஒரு செயல்.

தேவகுமார் முதலில் வந்தார், ஒன்றை வெட்டினார். ஜாஸ்மியின் அம்பு தவறியது. அம்மா பொறியை வைத்து முடிப்பதற்குள் அடுத்த சுற்றில் அவர் மற்றொன்றையும் முடித்தார், அதற்கடுத்த சுற்றில் மூன்றாவதையும்.

புதிய விதிப்படி, கொன்றவருக்குப் புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம். ஏறினால் பலத்தில் ஒன்று கூடும், வேகத்திலும் ஒன்று கூடும். தேவகுமார் ரப்பர் போட்டு அழித்து, பெருமையாகப் புதிய எண்களை எழுதினார்.

அடுத்தது குகை வவ்வால்கள். வேகம் கூடியிருந்ததால் மறுபடியும் அவரே முதலில் வந்தார், கொன்றதும் அவரேதான். இன்னொரு படி ஏறினார்.

ரத்தினம் எழுந்தாள். "எனக்க முறை வந்தா கூப்பிடுங்க. மீன் அடுப்புல கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். யாரும் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ரீத்தா அதைக் கவனித்தாள். அவளுடைய வைத்தியச்சிக்கும் இதுவரை ஒருவரையும் தொட்டுப் பார்க்கும் வேலை வரவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

கணவாயின் முடிவில் கல்யானை நின்றது. அதை வீழ்த்தப் பகடையும் திறனும் சேர்ந்து இருபது வரவேண்டும். தேவகுமாருக்குப் பலம் ஆறு, ஆக பகடையில் பதினான்கு வந்தால் போதும். துணிந்து முன்னால் போனார். எட்டு விழுந்தது, பிறகு மூன்று, பிறகு பதினொன்று. கல்யானை அவரை மிதித்துவிட்டது.

மிச்சமிருந்த மூன்று பெண்களும் புறப்பட்ட இடத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருந்தார்கள். அவர்களுக்குப் பகடையில் பதினெட்டு வேண்டும். இரண்டு சுற்றில் எல்லாம் முடிந்தது. மருந்து போய்ச் சேரவில்லை. மணி பதினொன்றரை. மூன்று மணிநேரம் போகும் என்று பின்னட்டையில் போட்டிருந்தது.

எப்போதும் இப்படித்தான் முடியுமா என்று ரீத்தா கேட்டாள். பகடை இன்றைக்குச் சரியில்லை என்றான் ஜெபிஷ். கல்யானைக்கு இருபதைப் பதினாறாக்கினால் சரியாகிவிடும் என்றும் சொன்னான். ரீத்தா ஜாஸ்மியைப் பார்த்தாள்.

பகடையில் குற்றமில்லை என்பது ஜாஸ்மிக்குத் தெரியும். ஜெயித்தவனுக்கே மேலும் மேலும் கொடுத்தால் மேசையில் ஒருவன் விளையாடுவான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஒருவனும் விழுந்தால் அவனைத் தூக்க ஆளிருக்காது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று, சரிசெய்ய இன்னும் இரண்டு வருடம்.

அவள் எழுந்து, சாப்பாடு ஆனதும் இன்னொரு ஆட்டம் போடலாம் என்று ரீத்தாவிடம் சொன்னாள். பிறகு தம்பியைப் பார்த்துப் பின்வாசல் பக்கம் தலையை அசைத்தாள்.

துவைகல் பக்கத்தில் ஜெபிஷ் வந்து நின்றான். முப்பது வயதுக்காரி முன்னால் இருபத்தேழு வயதுக்காரன், ஆனால் பத்து வயதுப் பையன் மாதிரி செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அவனே பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

முதல் சந்திப்பிலேயே அது நடந்துவிட்டது என்றான். பெரிய அறை, எதிரே ஆறு பேர். இது யார் எழுதியது என்று கேட்டார்கள். நான் என்று வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் திருத்திச் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அடுத்த கேள்வி வந்தது.

"உனக்க விதியில மூணு புள்ளி ஏன், ரெண்டு ஏன் இல்லன்னு கேட்டாங்க அக்கா. எனக்குச் சொல்லத் தெரியல்ல. உங்கிட்ட கேட்டா உனக்கு எல்லாம் தெரிஞ்சிரும். அதான் எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச விதியா ஒண்ணு எழுதிக் குடுத்தேன். விதி போனப்பம் பேரும் போச்சு."

அவள் எதிர்பார்த்தது பேராசையை. அவன் சொன்னதோ வெட்கம். மனது ஒரு நொடி அவன் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் அவள் எடுத்த முடிவு சாயவில்லை.

"உனக்க கதை இல்லாம எனக்க கணக்கு வெறும் கணக்குதான். அது எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்க கணக்கு இல்லாம உனக்க கதை பதினொண்ணரைக்கு முடிஞ்சு போவும். அது இப்பம் உனக்கும் தெரிஞ்சாச்சு."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"மேசையில நீயே சொல்லணும் மக்கா. சொன்னா நான் கணக்கு எழுதின நோட்ட எடுத்துட்டு வாறேன். சொல்லல்லேன்னா சோறு தின்னுட்டு அவங்கள ரயில் ஏத்தி விடுவோம். நான் யாருட்டயும் போய் ஒண்ணும் சொல்லமாட்டேன், பயப்படாத."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் இலை போட்டாள்.

சாப்பாட்டில் விளமீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் இருந்தன. தேவகுமார் கல்யானையை எந்தப் பக்கமாகப் போய் அடித்திருக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டே சாப்பிட்டார். ரீத்தா இரண்டாம் முறை குழம்பு வாங்கினாள். ஜெபிஷ் சோற்றைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான்.

இலை எடுத்து, மேசை துடைத்து, மறுபடி பென்சில்கள் வந்தன. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜாஸ்மி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்குப் புறப்பட்டால்தான் ரயில் கிடைக்கும் என்று ரீத்தா ஞாபகப்படுத்தினாள்.

ஜெபிஷ் எழுந்து நின்றான்.

"மேடம், வளர்ச்சி விதி எங்க அக்கா எழுதினது. ஆரம்பத்துலயே இருந்துது. நான்தான் எடுத்தேன். அட்டையில ரெண்டு பேரு வரணும். அதையும் நான்தான் எடுத்தேன்."

தேவகுமார் கையிலிருந்த தாளை மெல்ல மேசையில் வைத்தார். அட்டையில் பேர் விட்டுப்போனது அச்சகத்தின் பிழை என்றுதான் இந்த மூன்று நாளும் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். மகனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மகள் நிற்கிற பக்கம் திரும்பினார்.

ரீத்தாவின் முகம் மாறவே இல்லை. சரி, ஆட்டத்தைத் தொடங்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

ஜாஸ்மி அறைக்குப் போய் நோட்டை எடுத்து வந்தாள். நின்றபடியே, வகுப்பில் சொல்வதுபோல் விதியைச் சொன்னாள். கொன்றால் ஒன்றும் கிடையாது. முயன்று தவறினால், எந்தத் திறனில் தவறினீர்களோ அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் அந்தத் திறன் ஒன்று கூடும்.

அப்படியானால் வேண்டுமென்றே தவறிக்கொண்டே இருப்பார்களே என்று ரீத்தா கேட்டாள். இந்தக் கேள்விக்காக ஜாஸ்மி மூன்று வருடமாகக் காத்திருந்தாள்.

"தவறினா அடி விழணும், இல்லேன்னா முறை போகணும். அப்பந்தான் புள்ளி. தோக்க ஆசைப்படுகவன் மூணாவது புள்ளிக்கு முன்னாடி செத்துப்போவான். நாப்பத்தொரு ஆட்டம் போட்டுப் பாத்தாச்சு, ஒருத்தரும் ஏமாத்தல்ல."

ஏன் மூன்று என்பதையும் கேட்காமலே சொன்னாள். இரண்டு வைத்தால் இரண்டாவது சண்டைக்குள் எல்லோரும் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்களாகிவிடுவார்கள், பிறகு பயமே இருக்காது. நான்கு வைத்தால் யாரும் வளருமுன் கதை முடிந்துவிடும். ஜெபிஷ் தலை குனிந்து அந்த இரண்டு வரிகளையும் தன் தாளில் எழுதிக்கொண்டான். அவன் எழுதுவதைப் பார்த்ததும் ஜாஸ்மி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அதே செந்நாய்கள், அதே குகை. ஆனால் இந்த முறை யாரும் அடுக்களைக்குப் போகவில்லை. ரத்தினத்தின் பொறி முதல் சண்டையிலேயே இரண்டு தடவை தவறியது, நாய் அவள் கையைக் கடித்தது. ரீத்தா பகடை உருட்டிக் கட்டுப்போட்டாள். கட்டு அவிழ்ந்துவிட்டது. அவளுக்கும் ஒரு புள்ளி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ரத்தினம், கட்டு போடும் லட்சணம் இதுதானா என்று வைத்தியச்சியைக் கண்டித்தாள். ரீத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யானை முன்னால் வந்து நின்றபோது மணி நான்கு. தேவகுமாரின் வீரன் அதே பலசாலிதான், ஆனால் இந்த முறை தனியாக ஓடவில்லை. ரத்தினத்தின் பொறித் திறன் இரண்டில் தொடங்கி நான்குக்கு வந்திருந்தது. பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

அவள் முறை வந்தது. கல்யானையின் பாதையில் குழி. பகடையில் பதினாறு வேண்டும். பதினொன்று விழுந்தது.

யானை அவளைத் தூக்கி எறிந்தது என்றான் ஜெபிஷ். உயிரில் பாதி போயிற்று. ரத்தினம் பென்சிலை எடுத்து, நிதானமாக மூன்றாவது புள்ளியை வைத்தாள். பிறகு நான்கை அழித்து ஐந்து என்று எழுதினாள்.

ஜாஸ்மி அம்பால் யானையைத் திருப்பினாள். தேவகுமார் வாளை விட்டுவிட்டு, விழுந்து கிடந்த மனைவியை மறைத்து நின்றார். அப்படிச் செய்ய விதி இருக்கிறதா என்று அவர் கேட்கவும் இல்லை. ரீத்தா கட்டுப்போட்டாள். இந்தமுறை கட்டு நின்றது.

மறுபடி ரத்தினம். உள்ளங்கையில் பகடையைக் குலுக்கி உருட்டினாள். அது நோட்டின் விளிம்பில் மோதி நின்றது.

பதினைந்து.

அஞ்சும் பதினஞ்சும் இருவது என்று ரத்தினம் மெதுவாகச் சொன்னாள். அந்த மூன்றாவது புள்ளி இல்லாவிட்டால் பத்தொன்பதுதான்.

ஜெபிஷ் எழுந்துவிட்டான். நிலம் பிளந்ததை, கல் முழங்கால் மடிந்ததை, பொழுது விடியும்போது கீழே ஊரின் விளக்குகள் தெரிந்ததை அவன் சொன்ன விதத்தில் தேவகுமார் மறுபடி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். இந்தக் கதையை இப்படிச் சொல்ல உலகத்தில் வேறு யாராலும் முடியாது என்று ஜாஸ்மி நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. அட்டை மாறும், அதில் இருவர் பேரும் வரும், ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ரீத்தா வாசலில் நின்று சொன்னாள். பிறகு பையைத் தோளில் மாட்டியவள், ஏதோ நினைவு வந்தவளாகத் தன் போனை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை, புத்தகத்தில் போட்டிருந்த தன் எண்ணுக்கு யாரோ ஒருவர் எண்பத்திரண்டு படங்கள் அனுப்பினார் என்றாள். ஒரு கையெழுத்து நோட்டின் பக்கங்கள். அனுப்பியவர் பேர் போடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், அச்சுக்கு முன்னால் இந்த வீட்டுக்கே வந்து ஒரு ஆட்டம் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம்.

"ஜெபிஷ் தானாச் சொல்றாரான்னு பாக்கணும்னு நெனச்சேன். சொல்லிட்டாரு" என்றாள்.

ஜெபிஷின் முகம் சிவந்தது. ரீத்தா போனை ஜாஸ்மியிடம் நீட்டினாள். தன்னுடைய நோட்டு. தன்னுடைய கட்டங்கள், அடித்துத் திருத்திய எண்கள். ஜாஸ்மி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் விரல் நின்றது. விளையாட்டுக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அது தலைமையாசிரியைக்கு அவள் எழுதி, இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த கடிதத்தின் நகல்.

"இதையும் படிச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க. மே மாசத்தோட பள்ளிக்கூட வேலைய விடுறதா எழுதியிருக்கீங்க. இப்பவும் அதே முடிவுதானா? அப்படின்னா பெங்களூர்ல உங்களுக்கு ஒரு மேசை காலியா இருக்கு."

பள்ளிக்கூட வேலை என்பது இந்த வீட்டில் யாரும் கைவைக்காத விஷயம். அதை வாங்கிக்கொடுக்கத் தேவகுமார் எத்தனை படி ஏறி இறங்கினார் என்று கொட்டாரம் முழுக்கத் தெரியும்.

ஜாஸ்மி நிமிர்ந்தாள்.

"அதே முடிவுதான்."

தேவகுமார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இது என்ன பேச்சு என்பதுபோல் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஜெபிஷும் வாயைத் திறந்தபடிதான் நின்றான். அவனுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியது யார்? ஜாஸ்மி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

ரத்தினத்தின் முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவரையே பார்த்தபடி, பதில் சொல்லத் தயாராக நின்றாள்.